பார்க்கக் கூடாத பூ

அந்தக் காலத்தில் செடிகொடிக்கெல்லாம் வாய் இருந்தது. இருந்து என்ன பிரயோசனம், பேசுவதில் பாதி குறைதான். பருத்தி மழை அதிகம் என்று அழும், எள்ளு மழை போதாது என்று அழும், இரண்டும் ஒரே காட்டில்தான் நிற்கும். ஆடு பேசும், கோழி பேசும். எருமைக்கும் பேச்சு உண்டு, ஆனால் அதற்குச் சோம்பல், வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். இப்படி எல்லாமே சளசளத்துக்கொண்டிருந்த நாளில், வாயைத் திறக்காமல் மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கிடந்த செடி ஒன்று உண்டு. அது காந்தள்.

இன்றைக்கு வேலியில் தலைக்கு மேலே ஏறி, திகுதிகுவென்று பூத்து நிற்கிறதே, அதே காந்தள்தான். அன்றைக்கு அதற்கு முழங்கால் உயரம்கூடக் கிடையாது. இலை நுனி மற்றச் செடிகளுக்கு இருப்பதுபோல நேராக இருக்கும். எதையும் பிடித்து ஏறத் தெரியாது, தரையிலேயே படர்ந்து கிடக்கும். கிழங்கு மட்டும் உருண்டு திரண்டு, அப்படி ஒரு தித்திப்பு. சர்க்கரைவள்ளியெல்லாம் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும்.

அதனால் வந்த வினைதான் எல்லாம். ஆடி மழைக்கு நடுவார்கள், ஆவணி முடிவதற்குள் தோண்டிவிடுவார்கள். பிஞ்சுக் கிழங்குக்குத்தான் ருசி, பூக்க விட்டால் நார் விழுந்துவிடும் என்று ஒரு சாக்கு. மனுஷன் விட்டுவைத்ததை முயல் மேயும், முயல் விட்டதை முள்ளம்பன்றி பறிக்கும். காந்தளைப் பிடிக்காதவர்கள் ஒருத்தர்கூட இல்லை. பிடித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அதைப் பூக்க விட்டதே இல்லை.

கொங்குச் சீமையில் மழைக்கு ஏங்கும் மேட்டாங்காடு ஒன்றில் நாச்சாயி என்று ஒருத்தி பண்ணையம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் செங்கோடன். இரண்டு பேருக்கும் இருபது ஆடு, நாலு மாடு, கொஞ்சம் விதைப்புக் காடு. அதை ஒட்டிக் கொறங்காடு, அதாவது ஆடுமாடு மேய்கிற புல்லுக்காடு. கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை மரத்தை நெருக்கி நட்டு வளர்த்த வேலி. எங்கள் பக்கத்தில் ஒருவன் யோக்கியதையை அவன் வேலியைப் பார்த்துத்தான் சொல்வார்கள். செங்கோடன் வேலியில் ஓணான்கூட யோசித்துத்தான் நுழையும்.

நாச்சாயிக்கு ஒரு பைத்தியம் உண்டு. எந்தச் செடியைக் கண்டாலும் அது என்ன பூப் பூக்கும் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பாத்தியில் கீரை பிடுங்கினால் ஒன்றைப் பூக்க விட்டுவைப்பாள். முள்ளங்கி பிடுங்கினால் ஒன்றை விட்டுவைப்பாள்.

"முள்ளங்கி பூத்துட்டா அதுக்கப்புறம் அதை யாரு திங்கிறது?" என்று செங்கோடன் கேட்பான்.

"திங்காட்டிப் போச்சாதுங்க. வெள்ளையா எத்தனை அழகாப் பூத்திருக்குது, வந்து பாருங்க" என்பாள்.

அவனும் வந்து பார்ப்பான். நல்ல மனுஷன், ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுவான். அவள் நின்றுகொண்டே இருப்பாள்.

ஒரு ஆவணியில் நாச்சாயி காந்தள் தோண்டிக்கொண்டிருந்தாள். கடைசிச் செடிக்கு வந்து களைக்கொத்தை ஓங்கினபோது, கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா, பத்து நாள் குடுங்க."

நாச்சாயி கையைக் கீழே இறக்கினாள். "நீ பேசுவியா?"

"பேசறதுக்குத் தோது வந்ததில்லீங்க. நாலு வார்த்தை படிக்கிறதுக்குள்ள அடுப்புல போசிக்குள்ள போயிர்றோம்."

"பத்து நாளு எதுக்கு?"

"பூக்கிறதுக்கு."

"என்ன பூவு?"

"தெரியாதுங்க அக்கா. எங்க வம்சத்துல ஒருத்தருகூடப் பூத்ததில்லை. உள்ளுக்குள்ள என்னமோ கணகணன்னு இருக்குது. அது வெளிய வந்தா என்ன நெறம், என்ன உருவம்னு எனக்கே தெரியாது. ஒரே ஒருக்காப் பாத்துட்டாப் போதும்."

வேறு யாரிடமாவது கேட்டிருந்தால் காந்தள் அன்று சாயங்காலம் போசியில் வெந்திருக்கும். நாச்சாயியிடம் போய் இப்படிக் கேட்டால் அவள் என்ன செய்வாள்? ஊரில் இருக்கிற அத்தனை பூவையும் பார்த்தவள் அவள், இந்த ஒன்றை மட்டும் பார்த்ததில்லை. செடியை மண்ணோடு பெயர்த்து எடுத்துக் கொண்டுபோய், வேலியோரத்தில் ஒரு கிளுவையின் தூரில் நட்டாள்.

பத்து நாள் கேட்ட செடிக்கு எட்டாம் நாளே ஆபத்து வந்தது. முயல் வந்து மொட்டோடு மொத்தத்தையும் மேய்ந்துவிட்டது. நாச்சாயி சண்டைக்குப் போனால், "நல்லா இருந்துச்சுங்க" என்றது முயல், வாயைத் துடைத்துக்கொண்டு.

அடுத்த ஆடிக்கு மறுபடி தழைத்தது. நாச்சாயி சுற்றிலும் முள் அடைத்தாள். முள்ளைக் கண்டு பயப்படுகிற பிராணியா முள்ளம்பன்றி? கீழே வளை பறித்து வந்து கிழங்கில் பாதியைத் தின்றுவிட்டுப் போனது. மூன்றாம் வருஷம் காந்தள் விரல் தண்டிக்குத்தான் முளைத்தது.

"அக்கா, இன்னொருக்கா என்னால முடியாதுங்க" என்றது. "இந்த வருஷமும் கடிச்சா அவ்வளவுதான். எங்க பூவு என்ன நெறம்னு தெரியாமயே நான் போயிருவேன்."

நாச்சாயிக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே பக்கத்தில் இருந்த கல்லின்மேல் உட்காரப் போனாள்.

"அங்கே உக்காராதே" என்றது கல்லுக்கு அடியில் இருந்து ஒரு குரல். "பிள்ளைங்க இருக்குது."

கல்லுக்கு அடியில் ஒரு கருந்தேள் குடியிருந்தது. நாச்சாயிக்கு அது தெரியும். அந்தக் கல்லை அவள் ஒருநாளும் புரட்டினதில்லை. தேளும் அவள் காலை ஒருநாளும் கொட்டினதில்லை. இரண்டு பேருக்கும் அந்த அளவில் ஒரு மரியாதை. அன்று தேள் முதுகு நிறையக் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு வெளியே வந்தது.

"மூணு வருசமா உங்க ரெண்டு பேரு பாட்டையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றது தேள். "பூவும் எனக்கு ஒண்ணுதான், புண்ணாக்கும் எனக்கு ஒண்ணுதான். ஆனா என் முதுகைவிட்டு எறங்குற பிள்ளையெல்லாம் உன் செவலைக் கோழி வயித்துக்குள்ள போகுது. இந்தச் செடி வேலி மேல ஏறித் தழைஞ்சுதுன்னா கல்லு மறைஞ்சிரும். கோழிக்குக் கண்ணு தெரியாது. அதுக்கு வேண்டி ஒரு துளி தாறேன்."

"என்னத்தை?"

"எங்கிட்ட வேற என்ன இருக்குது?" என்று தேள் கொடுக்கைத் தூக்கிக் காட்டியது. "கெழங்குல ஒரே கொட்டு. அதுக்கப்புறம் முயலும் வராது, பன்னியும் வராது. ஆனா ஒண்ணு. நஞ்சும் தித்திப்பும் ஒரே பானையில தங்காது. நஞ்சு உள்ள வந்தா தித்திப்பு வெளிய போயிரும். அப்புறம் இதை ஒருத்தரும் ஆசையாத் தொட மாட்டாங்க. மடியில போட்டுக்கிட்டு வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாங்க. யோசிச்சுக்கச் சொல்லு."

காந்தள் ஒரு பகல் முழுக்க யோசித்தது. அதற்குத் தன்னைத் தின்கிறார்களே என்ற வருத்தம் இருந்ததே தவிர, தன்னைக் கண்டால் எல்லாருக்கும் முகம் மலர்கிறது என்பதில் பெருமையும் இருந்தது. வேகவைத்த காந்தளைக் கண்டு சிரிக்காத குழந்தை உண்டா? அதை விட வேண்டும் என்றால் லேசா? பொழுது சாய்கிற நேரத்தில்தான் கேட்டது.

"அக்கா, நீங்களும் என்னைத் தொட மாட்டீங்களா?"

நாச்சாயி பொய் சொல்லத் தெரியாதவள். "தொட மாட்டேன் கண்ணு" என்றாள். "ஆனா பாப்பேன். நித்தமும் வந்து பாப்பேன்."

"அது போதுங்க" என்றது காந்தள். "கொட்டச் சொல்லுங்க."

தேள் மண்ணுக்குள் இறங்கியது. கொட்டியது ஒரே கொட்டுதான். காந்தள் வலியில் துடித்த துடிப்பில் உருண்டையாக இருந்த கிழங்கு இரண்டு கையாக முறுக்கிக்கொண்டு கலப்பை மாதிரி வளைந்துபோனது. இலை நுனிகள் எல்லாம் தேளின் கொடுக்கைப்போல் சுருண்டுகொண்டன. சுருண்ட நுனி எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடியது. மனுஷர் கை இனி கிடையாது. பக்கத்தில் இருந்தது கிளுவைக் கிளைதான். அதை எட்டிப் பிடித்தது.

பிடித்ததும் அதற்கே ஆச்சரியம். இத்தனை தலைமுறையாகத் தரையில் கிடந்த செடி ஒரு கிளையைப் பிடித்து, அடுத்த கிளையைப் பிடித்து, ஒவ்வொரு இலையாலும் வேலியைப் பற்றிக்கொண்டு மேலே போக ஆரம்பித்தது. பத்தே நாளில் நாச்சாயி இடுப்பு உயரம், இருபது நாளில் அவள் தலைக்கு மேலே. அவள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். மூன்று வருஷமாக அவள் குனிந்து பார்த்த செடி அது.

முயல் வந்தது, ஓர் இலையைக் கடித்தது, துப்பிவிட்டு வேலியே அதிரும்படி ஓடிப்போனது. முள்ளம்பன்றி மோந்து பார்த்ததோடு சரி. ஆடுகளுக்கு முயல் சொன்னது, மாடுகளுக்கு ஆடு சொன்னது. அரை நாளில் காட்டில் இருக்கிற அத்தனை வாய்க்கும் சேதி தெரிந்துவிட்டது. தெரியாதது மனுஷருக்கு மட்டும்தான். அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவள் நாச்சாயி, அவள் சொல்லவில்லை.

அவள்மேல் எனக்குக் கோபம் வருகிற இடம் இது ஒன்றுதான். இன்றைக்குச் சொன்னால் புருஷன் தோண்டி எறிந்துவிடுவான், பூத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தேள் கொட்டின திருடன் மாதிரி வாயை மூடிக்கொண்டு வேலிக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள். முயலுக்கு இருந்த புத்தி அவளுக்கு இல்லாமல்போனது, ஆசைதான் காரணம்.

அந்த வருஷம் ஆடி மழை ஒன்றிரண்டோடு நின்றுவிட்டது. விதைப்புக் காட்டில் நட்ட காந்தள் எல்லாம் கருகிப்போனது. வேலியில் நின்ற ஒன்று மட்டும் பச்சையாக இருந்தது. உச்சியில் விரல் நீளத்துக்கு ஒரு மொட்டும் வந்துவிட்டது.

அந்த மாதிரி ஒரு நாள் காலையில்தான் செங்கோடனின் அக்கா தெய்வாத்தாள் வந்து சேர்ந்தாள். கட்டிக் கொடுத்த ஊர் நாலு காதம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவதே பெரிய காரியம், முந்தாநாளே புறப்பட்டு நடந்து வந்திருந்தாள். ஒறம்பரை என்று நாங்கள் சொல்வோம், வீட்டுக்கு வருகிற சொந்தபந்தத்தை. ஒறம்பரை வந்து வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தால் அந்த வீட்டுக்காரன் ஊருக்குள் தலை காட்ட முடியாது. நாச்சாயி மாட்டை ஓட்டிக்கொண்டு தண்ணி காட்டப் போயிருந்தாள். செங்கோடன் அடுக்குப்பானையைத் துழாவினான், ஒன்றும் சரியில்லை. பழைய கம்பு கொஞ்சம் கிடந்தது. இரண்டு வருஷம் கழித்து வந்த அக்காவுக்குப் பழைய கம்பா?

அப்போது அவனுக்கு வேலியோரத்துக் காந்தள் நினைவுக்கு வந்தது. நாச்சாயி அதை ஏன் காட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் நட்டாள், ஏன் மூன்று வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்க்கிறாள் என்பது அவனுக்கு அந்த நிமிஷம் புரிந்தது. அதாவது, புரிந்ததாக நினைத்துக்கொண்டான்.

"ஒறம்பரை வந்தா ஆகும்னு ஒதுக்கி வெச்சிருக்கா அக்கா" என்றான். "நானும் ஏதோ பூப் பைத்தியம்னு நெனச்சேன். எப்பேர்ப்பட்ட பொம்பளை பாரு." சொல்லும்போது அவன் கண் கலங்கியது. பெண்டாட்டியைப் பற்றி அக்காவிடம் பெருமை பேசக் கிடைத்தால் எந்தத் தம்பிதான் விடுவான்?

கடப்பாரையைப் போட்டு மண்ணை விலக்கினான். கிழங்கு கலப்பை மாதிரி வளைந்து இருந்ததைப் பார்த்து, மழை இல்லாத வருஷத்தில் கிழங்கும் கோணிக்கொண்டது என்று நினைத்தான். மொட்டு நிற்கிறதே என்று இரக்கப்பட்டு, ஒரு கையை மட்டும் ஒடித்துக்கொண்டு மண்ணைத் திரும்ப மூடினான். காந்தள் கத்தத்தான் கத்தியது. "வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்றது. அந்தக் காலத்தில் மற்றக் கிழங்கெல்லாம் தோண்டும்போது வேண்டாம் என்றுதான் சொல்லும், அந்தப் பழக்கத்தில் அவன் இதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கிழங்கை நறுக்கிப் போசியில் போட்டு, கருப்பட்டி தட்டி வேகவைத்தான். முதலில் அக்கா சாப்பிடட்டும் என்று ஒரு வட்டிலில் வைத்துக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

நாச்சாயி அப்போதுதான் வாசலுக்கு வந்தாள். கருப்பட்டி வாசனை வந்தது. "வாங்க நங்கை" என்று நாத்தனாரைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தவள், வட்டிலில் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். தெய்வாத்தாள் ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோயிருந்தாள்.

நாச்சாயி பாய்ந்துபோய் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். வட்டிலையும் தட்டிவிட்டாள். கிழங்கு வாசல் வரைக்கும் சிதறி விழுந்தது.

பசித்து வந்த ஒறம்பரையின் கையிலிருந்து சோற்றைத் தட்டிவிடுவதற்கு மேலே ஒரு பாவம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அடித்திருந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். தெய்வாத்தாள் வெறுங்கையைப் பார்த்தாள், எழுந்தாள், சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வாறேன் தம்பி" என்றாள். "இனிமே இந்த வாசலுக்கு வரமாட்டேன்."

செங்கோடன் முகம் கறுத்துப்போனது. "என்ன பண்ணிட்டே நாச்சா?" என்றான்.

"அது நஞ்சுங்க" என்றாள் நாச்சாயி.

"காந்தள் கெழங்கா நஞ்சு? சின்னதிலிருந்து தின்னு வளர்ந்தது."

"இது மட்டும் நஞ்சுங்க. நாந்தான் தேளுகிட்டச் சொல்லி..."

அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். கிழங்கை ஒளித்துவைத்துத் தான் மட்டும் தின்ன நினைத்தவள் சொல்கிற சாக்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சிதறின துண்டை அதற்குள் செவலைக் கோழி கொத்திவிட்டது. காட்டில் உள்ள சேதி எதுவும் அதன் காதில் விழாது, அது பேசுகிற பேச்சில் அடுத்தவர் பேசுவது கேட்டால்தானே. இரண்டு துண்டைத் தின்றுவிட்டு, இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டது. கேட்டபடியே தள்ளாடியது. பிறகு காலை நீட்டிக்கொண்டு சாய்ந்தது.

தெய்வாத்தாள் படியில் வைத்த காலை எடுக்கவில்லை. செத்த கோழியைப் பார்த்தாள், தன் விரல் நுனியைப் பார்த்தாள். பிறகு போய்த் தண்ணித் தொட்டியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

நாச்சாயி எல்லாவற்றையும் சொன்னாள். முதல் நாள் பேச்சிலிருந்து தேளின் கொடுக்கு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். ஒரு பூவுக்காக நங்கையைக் கொன்றிருப்பேனே என்ற எண்ணம் அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. கல்லுக்கு அடியில் சேதி போனபோது தேள் மட்டும், "கோழி போச்சா? போகட்டும்" என்று சொன்னதாகக் கேள்வி.

செங்கோடன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வேலியைப் பார்த்து நடந்தான். கோழி செத்த சேதி கேட்டு அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களும் மண்வெட்டி அரிவாளோடு வந்து சேர்ந்தார்கள். நாச்சாயி குறுக்கே விழவில்லை. குறுக்கே விழுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஓரமாக நின்று மொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கையை இழந்த கிழங்கோடு காந்தள் வேலியை இறுக்கிப் பிடித்திருந்தது. "அக்கா, வந்துருச்சுங்க" என்றது மெல்ல. "நாளைக்கு விரிஞ்சுரும்."

"நில்லு தம்பி" என்றாள் தெய்வாத்தாள்.

எல்லாரும் திரும்பினார்கள். இரண்டு ஆள் நீளம் தள்ளி நின்றபடி அவள் சொன்னாள். "சாகப் போனது நானு. வெட்டறதா வேண்டாமான்னு நான்தான் சொல்லோணும். ஒருத்தி மூணு வருசம் பொத்தி வளத்து, நஞ்சைப் புருசன்கிட்டயும் மறைச்சு, என் கையில இருந்த சோத்தைத் தட்டிவிடற வரைக்கும் போயிருக்கிறா. அப்பிடி என்னத்தைத்தான் பாக்கோணும்னு நெனச்சான்னு நானும் பாக்கறேன். விருந்தும் மருந்தும் மூணு நாளும்பாங்க. மூணு நாள் இங்கதான் இருப்பேன். அதுக்கு மேல வெட்டிக்க."

செத்துப் பிழைத்தவள் சொல்லுக்கு மறுசொல் ஏது? கடப்பாரையை வேலியில் சாய்த்துவைத்தார்கள்.

முதல் நாள் மொட்டு விரிந்தது. எல்லாப் பூவும் மேலே பார்த்து விரியும், இது தலையைக் குனிந்துகொண்டு விரிந்தது. குனிந்த தலையிலிருந்து ஆறு இதழும் ஒவ்வொன்றாகப் பின்னால் மடங்கி வானத்தைப் பார்த்து எழுந்தன. ஆனால் நிறம் பச்சை. வந்தவர்கள், "இதுக்கா இத்தனை கூத்து?" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாச்சாயி மட்டும் போகவில்லை.

இரண்டாம் நாள் இதழ்களின் அடிப்பக்கம் மஞ்சள் ஏறியது. சாதாரண மஞ்சள் இல்லை, அப்போதுதான் அரைத்தெடுத்த மஞ்சள். ஓரமெல்லாம் நெளிநெளியாக நெளிந்தது. அன்றைக்குப் பேச்சுக் குறைந்துவிட்டது. செங்கோடன் இரண்டு தடவை வந்து பார்த்தான், வழக்கமாக ஒரு தடவைதான் பார்ப்பவன்.

மூன்றாம் நாள் காலையில் சிவப்பு வந்தது. நுனியிலிருந்து கீழே இறங்கி இறங்கி வந்து மஞ்சளைத் தொட்டது. எந்த இடத்தில் மஞ்சள் முடிகிறது, எந்த இடத்தில் சிவப்பு தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கருகிப்போன காட்டுக்கு நடுவே, மழை இல்லாத அந்த வருஷத்தில், ஆள் உயரத்துக்கு மேலே அடுப்பு மூட்டினதுபோல் அது நின்றது. கணகணவென்று உள்ளே இருந்ததாகச் சொன்னது இதுதான்.

"அக்கா, நானா இது?" என்று காந்தள் கேட்டது.

"நீதான் கண்ணு" என்றாள் நாச்சாயி.

வெட்ட வந்தவர்கள் அரிவாளை மறந்துவிட்டு நின்றார்கள். பொழுது ஏறி உச்சிக்கு வந்தது. வெயில் பூவுக்குப் பின்னால் நின்று அடித்தது. தண்ணி காட்டாத மாடுகள் கத்தின, ஒருத்தரும் திரும்பவில்லை. இமை கொட்டினால் ஏதோ போய்விடும் என்பதுபோல் பார்த்தார்கள். கடைசியில் செங்கோடன்தான் முதலில் கண்ணைக் கசக்கினான்.

"கண்ணு வலிக்குது" என்றான்.

அப்போதுதான் மற்றவர்களுக்கும் தெரிந்தது. எல்லார் கண்ணும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. ஒவ்வொருத்தராகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கடப்பாரையைச் செங்கோடன் தோளில் போட்டுக்கொண்டு போனான். வெட்டுவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

தெய்வாத்தாள் புறப்படும்போது நாச்சாயியைக் கூப்பிட்டாள். "இருக்கட்டும்" என்றாள். "காட்டுக்குள்ள வேண்டாம், வேலியிலயே இருக்கட்டும். ஒருத்தருக்கும் சொல்லாம விட்டே பாரு, அதுதான் தப்பு. இனிமே எல்லாருக்கும் சொல்லிப்போடு."

"சொல்றேனுங்க நங்கை. பெரியவங்க கேட்டுக்குவாங்க. கொழந்தைங்களுக்கு எப்பிடிச் சொல்றது? பாரு, ஆனாத் தொடாதேன்னா கேக்குமா? பாத்ததைத் தொடாத கொழந்தை ஏது?"

தெய்வாத்தாள் திரும்பிப் பூவை ஒரு தடவை பார்த்தாள். கண்ணில் இன்னும் சிவப்பு மாறவில்லை.

"பாக்கவே கூடாதுன்னு சொல்லு. பாத்தாக் கண்ணு வலிக்கும்னு சொல்லு. பொய்யும் இல்லையே" என்றாள். பிறகு நாச்சாயியின் கையைப் பிடித்து, தட்டிவிட்ட அந்தக் கையைப் பிடித்து, "அடுத்த வருசம் பூக்கையில வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஊரில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார்கள். கண்வலிப்பூ என்ற பேரும் வந்தது. மற்றவர்கள் காட்டில் கருகாமல் கிடந்த பழைய தித்திப்புக் காந்தள் ஒன்றிரண்டையும் யாரும் அடுத்த வருஷம் நடவில்லை, எது எது என்று பிரித்துப் பார்க்க யாருக்குத் தைரியம் வரும்? வேலிக் காந்தளின் விதைதான் நாலு திசைக்கும் போனது. முன்னேயெல்லாம் வருஷா வருஷம் தோண்டி, வருஷா வருஷம் நட வேண்டிய செடி. இப்போது தோண்டுவார் இல்லாததால் கோடையில் வாடி மண்ணுக்குள் போய், ஆடியில் அதுவாகவே எழுந்து வந்தது.

குழந்தைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, நாச்சாயி மட்டும் நித்தமும் வேலிக்குப் போனாள். தொடுவதில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் உச்சி வெயிலில் காந்தள் கேட்டது.

"அக்கா, உங்களுக்குக் கண்ணு வலிக்கிறதில்லையா?"

"வலிக்குது" என்றாள் நாச்சாயி. சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதற்குப் பிறகு காந்தள் பேசினதாக நான் கேள்விப்பட்டதில்லை. கேட்க வேண்டியது எல்லாவற்றையும் அது கேட்டுவிட்டது போலிருக்கிறது.

இன்றைக்கும் காந்தள் கலப்பை மாதிரி வளைந்த கிழங்கிலிருந்து யாரும் நடாமலே எழுந்து, சுருண்ட இலை நுனியால் வேலியைப் பிடித்துக்கொண்டு தலைக்கு மேலே ஏறிப் பூக்கிறதே, ஆடு அதை ஒதுக்கிவிட்டுப் போகிறதே, அதெல்லாம் அன்றைக்கு ஆரம்பித்ததுதான். என் வேலியிலும் ஒன்று நிற்கிறது. அதைப் பார்க்காதே, கண் வலிக்கும் என்று குழந்தைகளை அதட்டி அனுப்பிவிட்டு, அதட்டினவர்கள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்ப்பதும் அன்று முதல் வந்த வழக்கம்தான்.